வாலும் காதும் சொல்லும் சேதி

(வானொலியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் 17ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாள். நம் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமப் பங்குகளில் அன்று கோயில் மைதானம் எப்படி இருக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொம்புக்கு வர்ணம் பூசிய மாடுகள், கழுத்தில் மாலையோடு ஆடுகள், கூடையில் கோழிகள், நான்கு பேர் கயிறு பிடித்து வரும் ஜல்லிக்கட்டுக் காளைகள். திருப்பலி முடிந்ததும் தீர்த்தம் தெளித்து மந்திரித்துக்கொண்டே வருவோம். இந்த ஆண்டு அந்த வரிசையில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, மூடி போட்ட பிளாஸ்டிக் கூடையில் ஒரு செவலைப் பூனையைக் கொண்டுவந்து நின்றாள். ஒரு பக்கம் மேளம், இன்னொரு பக்கம் வேட்டு, பின்னால் அவள் அப்பாவின் காளை. நாம் கூடையைத் திறந்து, "அடடே, நீயும் வந்துட்டியா?" என்று தடவிக் கொடுக்கக் கையை நீட்டினோம்.

மறுநொடி நம் வலது புறங்கையில் நான்கு கோடு. ரத்தம் அங்கியில் சொட்டியது. கூட்டம் முதலில் திகைத்தது, பிறகு சிரித்தது. சிறுமி அழுதாள். அவள் அப்பாவுக்கு அவமானம் தாங்கவில்லை. "சாமியவே கீறிருச்சே, நன்றி கெட்ட ஜென்மம். இன்னைக்கு ராத்திரியே சாக்குல கட்டி சந்தைப்பேட்டையில விட்டுட்டு வந்துர்றேன்" என்றார்.

இப்போது நேர்மையாக ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பூனை நம்மை ஏமாற்றவில்லை. கூடையைத் திறந்தபோதே அதன் காதுகள் இரண்டும் தலையோடு தலையாகப் படிந்து கிடந்தன. வெட்ட வெயிலில் கோடுபோல் சுருங்கியிருக்க வேண்டிய கண்மணி, கறுப்புப் பொத்தான்போல் விரிந்திருந்தது. உடம்பு கூடையின் ஒரு மூலையில் ஒடுங்கியிருந்தது. மீசை பின்னுக்கு ஒட்டியிருந்தது. "கிட்ட வராதே, பயமாக இருக்கிறது" என்று அது தன்னிடமிருந்த எல்லா எழுத்தாலும் எழுதிக் காட்டியிருந்தது. நாம் வாசிக்கவில்லை. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது, நம் கை நீண்டுவிட்டது.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினோம். இதை நேயர்கள் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நாய் கடித்தால் மட்டும்தான் வெறிநோய் பயம் என்று பலர் நினைக்கிறோம்; பூனைக் கடிக்கும் கீறலுக்கும் அதே கவனம் வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அன்றே தடுப்பூசி தொடங்கினார்கள். அங்கே மருத்துவர் கேட்டார்: "ஃபாதர், பூனை எங்க இருக்கு? பத்து நாள் அதைக் கண்காணிக்கணும். நல்லா சாப்பிட்டு, நல்லா நடமாடுதான்னு பாக்கணும்." நாய்க்கும் பூனைக்கும் இந்தப் பத்து நாள் கணக்கு உண்டு. ஊசியை அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது. அது ஒரு பக்கம் நடக்க, இது ஒரு பக்கம் நடக்க வேண்டும்.

அந்த நல்ல மருத்துவர் அறியாமலே ஒரு பூனைக்குப் பத்து நாள் தவணை வாங்கிக் கொடுத்துவிட்டார். நேராக அந்த வீட்டுக்குப் போனோம். "பூனையைச் சாக்கில் கட்டினால் நம் உயிருக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்று கொஞ்சம் மிரட்டியே சொன்னோம். சிறுமியிடம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்து, "தினமும் பூனையோட காது, வால், கண்ணு எப்ப எப்படி இருக்குன்னு எழுதணும். மருந்து சாப்பிடுற மாதிரி தவறாம எழுதணும்" என்றோம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள்.

அந்த அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் காளை வளர்ப்பவர். நம் மாவட்டத்தின் பெருமையை நாமே சொல்லிக்கொள்ளலாம்: தமிழ்நாட்டில் வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் என்ற பெயர் புதுக்கோட்டைக்குத்தான். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் தச்சங்குறிச்சியில் விண்ணேற்பு அன்னை ஆலயத்தின் புத்தாண்டுத் திருவிழாவை ஒட்டி நடக்கும் ஜல்லிக்கட்டோடுதான் அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் தமிழ்நாட்டின் ஜல்லிக்கட்டுக் காலமே தொடங்குகிறது. இந்த மண்ணில் ஒருவர் காளையின் காது விடைப்பதைப் பார்த்தே அது பாயுமா நிற்குமா என்று சொல்லிவிடுவார். மண்ணைக் காலால் வாருவது, மூக்கால் சீறுவது, வாலைத் தூக்குவது, கண்ணை உருட்டுவது என்று ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பொருள் இருக்கும். அது உயிர்போகும் விளையாட்டு; ஆகவே படித்தாக வேண்டும். அப்படிப்பட்டவர் தன் வீட்டு அடுப்படியில் ஐந்து ஆண்டுகளாகப் படுத்திருக்கும் பூனையின் காதை ஒருநாளும் பார்த்ததில்லை.

அவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பூனையைப் பற்றி நாம் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். மதில்மேல் பூனை, உருத்திராட்சப் பூனை, பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்று நம் பழமொழிகளில் அது எப்போதும் கள்ளனாகவோ, வேடதாரியாகவோ, முட்டாளாகவோதான் வருகிறது. மாமல்லபுரத்தில் அந்தப் பெரிய பாறைச் சிற்பத்தைப் பார்த்திருப்பீர்கள். ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி, தவம் செய்யும் முனிவருக்குக் கீழே, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவமிருக்கும் ஒரு பூனையையும், அதை நம்பி அருகில் வரும் எலிகளையும் செதுக்கி வைத்தான். கம்பர் மட்டும் கொஞ்சம் அன்பு காட்டினார். பாற்கடலையே நக்கிக் குடித்துவிடலாம் என்று கரையில் வந்து நின்ற பூனைக்குத் தம்மையே ஒப்பிட்டு அவையடக்கம் சொன்னார். அங்கேயும் அது பேராசைக்காரப் பூனைதான் என்பதை விட்டுவிடுவோம்.

ஆனால் நம் மொழியிலேயே இதற்கு மாற்றும் இருக்கிறது. உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியம் மெய்ப்பாடு என்று பெயர் வைத்து, அதற்கென ஓர் இயலையே ஒதுக்கியது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. மனிதருக்குச் சொன்னது என்றாலும், நான்கு கால் உள்ளவற்றுக்கும் பெரும்பாலும் பொருந்திப்போகிறது. வீட்டில் பூனை இருந்தால் சோதித்துப் பாருங்கள். இளிவரலையும் நகையையும் தவிர மற்றவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். பெருமிதத்தைத் தேடவே வேண்டாம்.

வாலில் தொடங்குவோம். நாயைப் பழகியவர்கள் தவறுவது இங்கேதான். நாய் வாலை ஆட்டினால் பெரும்பாலும் மகிழ்ச்சி. பூனை உட்கார்ந்த இடத்தில் வாலைப் பக்கத்துக்குப் பக்கம் வீசித் தரையில் அடித்தால், "போதும், விடு" என்று பொருள். மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருக்கிறோம்; வால் நுனி துடிக்கிறது; பிறகு வால் முழுவதும் அடிக்கிறது; முதுகுத் தோல் சிலிர்க்கிறது; காது பக்கவாட்டில் திரும்புகிறது. இத்தனை முறை சொல்லியும் நாம் கையை எடுக்கவில்லை என்றால்தான் கடிக்கிறது. நாம் "திடீரென்று கடித்துவிட்டது" என்கிறோம். அதே பூனை வாலைக் கொடிமரம்போல் நேரே தூக்கி, நுனியை மட்டும் லேசாக வளைத்து நம்மை நோக்கி நடந்து வந்தால் அது வரவேற்பு. குட்டிகள் தாயை நோக்கி ஓடுவதும் அப்படித்தான். வால் மயிர் முழுவதும் புட்டி கழுவும் பிரஷ்போல் புடைத்து, முதுகு வில்லாக வளைந்தால் அது அச்சம். பயந்த உயிர் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்கிறது. இந்தக் காட்சியைச் சார்லஸ் டார்வின் 1872இல் வெளியிட்ட, உயிர்களின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய நூலில் படமாகவே போட்டிருக்கிறார். டார்வின் பெயரை எடுத்ததும் மறைக்கல்வி ஆசிரியர்கள் சிலர் புருவத்தை உயர்த்துவார்கள் என்று தெரியும். பூனையைப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர் என்பதற்காக அவரை மன்னித்துவிடலாம்.

வயிற்றைக் காட்டிப் புரண்டு படுப்பதைப் பலர் தவறாக எடுத்துக்கொள்கிறோம். "உன் முன்னால் எனக்குப் பயமில்லை" என்று அது சொல்கிறது. "வயிற்றைத் தடவு" என்று சொல்லவில்லை. குழந்தைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், பாதிக் கீறல்கள் குறைந்துவிடும்.

கண்ணுக்கு வருவோம். பூனை கண்ணை மூடிக்கொள்வதைக் கேலி செய்து பழமொழி சொன்னோம் அல்லவா? இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மனிதர் பூனையைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சுருக்கி, மெல்ல மூடித் திறந்தால், பூனையும் அதையே திருப்பிச் செய்கிறது. முன்பின் தெரியாத ஒருவர் அப்படிச் செய்து கையை நீட்டினால்கூட, முகத்தை எந்தச் சலனமும் இல்லாமல் வைத்திருப்பவரைவிட அவரிடம் அது எளிதாக வருகிறது. உற்றுப் பார்ப்பது பூனை உலகில் சண்டைக்கு அழைப்பது. கண்ணை மூடுவது நம்பிக்கை. நம் பழமொழி எதை முட்டாள்தனம் என்றதோ அது உண்மையில் ஒரு வணக்கம்.

டோக்கியோவில் இயேசு சபையார் நடத்தும் சோஃபியா பல்கலைக்கழகத்தில் இன்னோர் ஆய்வு, 2019இல் வெளியானது. பூனைக்குத் தன் பெயர் தெரியுமா என்று பார்த்தார்கள். வேறு சொற்களை வரிசையாக ஒலிக்கவிட்டு, பூனை அலுத்துப்போன பிறகு அதன் பெயரை ஒலிக்கவிட்டார்கள். காது திரும்பியது, தலை அசைந்தது. ஆனால் பெரும்பாலான பூனைகள் எழுந்து வரவில்லை. கூப்பிட்டால் வராத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு இந்த முடிவு புதிதாக இருக்காது.

இனி, சொல்லச் சங்கடமான பகுதி. எங்கள் பங்கு இல்லத்தில் மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கறுப்புக் கடுவன் இருந்தது. பெரிய சாமி, சின்னச் சாமி, அடுத்து இது என்று ஊரார் அதற்கு 'மூணாஞ்சாமி' என்று பெயர் வைத்திருந்தார்கள். பங்குத் திருவிழா நெருங்கிய வாரம். கொடியேற்றம், தேர், கணக்கு வழக்கு என்று எங்களுக்கு உட்கார நேரமில்லை. பூனை சுற்றுச்சுவர் வேலைக்காகக் கொட்டிய மணல்மேட்டுக்குப் போவதும், குந்துவதும், எழுந்து வருவதும், மறுபடி போவதுமாக இருந்தது. சமையற்காரர், "உஷ்ணம் சாமி, மோர் ஊத்துனா சரியாயிரும்" என்றார். ஊற்றினோம். குடிக்கவில்லை. மறுநாள் மேசைக்கு அடியில் நான்கு கால்களையும் உடம்புக்குள் இழுத்துக்கொண்டு, தலையைத் தாழ்த்திக் குந்தியிருந்தது. கண் பாதி இடுங்கியிருந்தது. தடவினோம், 'குர்ர்' என்று சத்தம் போட்டது. "பாருங்கள், சுகமாகத்தான் இருக்கிறது" என்று சின்னச் சாமியிடம் சொல்லிவிட்டுத் தேர் வேலையைப் பார்க்கப் போனோம்.

மூன்றாம் நாள் காலை முதல் திருப்பலி முடிந்து வந்தபோது மேசைக்கு அடியிலேயே விறைத்துக் கிடந்தது. கால்நடை மருத்துவரிடம் பிறகு கேட்டோம். ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். மணலில் குந்திக் குந்தி எழுந்து வருவதுதான் அறிகுறி; அது தெரிந்த மணி நேரத்திலேயே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அந்த 'குர்ர்' சத்தம் சுகத்தில் மட்டும் வருவதில்லை. காயம் பட்ட பூனையும், ஈனும் பூனையும், சாகப்போகும் பூனையும்கூட அதே ஒலியை எழுப்பும். கனடாவின் மொன்றியால் பல்கலைக்கழகத்தார் 2019இல், பூனையின் வலியை முகத்தில் படிக்க ஐந்து இடங்களைக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்: காது வெளிப்பக்கம் திரும்புகிறதா, கண் இடுங்குகிறதா, வாயும் மூக்கும் உள்ள பகுதி இறுகுகிறதா, மீசை விறைக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தாழ்கிறதா. ஐந்தில் எதையெல்லாம் நாங்கள் மேசைக்கு அடியில் பார்த்தோம் என்று எண்ணிப் பார்க்க இன்றும் மனம் வரவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். அந்த நாளில் ஒருவர், "காய்ச்சல் மாத்திரையில் பாதி கொடுங்கள்" என்றார். நல்ல வேளையாகக் கொடுக்கவில்லை. நாம் விழுங்கும் பாராசிட்டமால் பூனைக்கு நஞ்சு. வீட்டு வைத்தியமாக ஒருநாளும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு பூனைக்காக வானொலியில் இவ்வளவு நேரமா என்று யாராவது நினைக்கலாம். திருவிவிலியத்தில் வீட்டுப் பூனை வருவது அனேகமாக ஒரே இடத்தில்தான், பாரூக்கு நூலின் ஆறாம் அதிகாரத்தில். அதுவும் பொய்த் தெய்வச் சிலைகள்மேல் வந்து உட்காரும் உயிர்களில் ஒன்றாக. ஆனால் நீதிமொழிகள் பன்னிரண்டாம் அதிகாரத்தில், நேர்மையாளர் தம் கால்நடைகளை எப்படி நடத்துவார் என்று ஒரு சொல் வருகிறது. பரிவு, இரக்கம் என்ற கருத்தில் அதை மொழிபெயர்ப்பது வழக்கம். குருமடத்தில் எபிரேயம் கற்றபோது எங்கள் பேராசிரியர் அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். மூலத்தில் இருக்கும் வினை 'அறிதல்'. ஆதாம் ஏவாளை அறிந்ததாகச் சொல்லும் அதே வினை. அறியப்படுவது விலங்கின் 'நெஃபெஷ்', அதாவது அதன் உயிர், மூச்சு, வேட்கை எல்லாம். நேர்மையாளர் தம் விலங்கின் உள்ளத்தை அறிகிறார். இதே வினையும் இதே பெயரும் விடுதலைப் பயண நூலின் இருபத்து மூன்றாம் அதிகாரத்திலும் சேர்ந்து வருகின்றன. எகிப்தில் அந்நியராய் இருந்தவர்களுக்கு அந்நியரின் 'நெஃபெஷ்' தெரியுமே, ஆகவே அவரை ஒடுக்காதீர்கள் என்கிறது அந்த இடம். மாட்டுக்கும் அந்நியருக்கும் ஒரே சொல்லா என்று அன்று நாங்கள் வகுப்பில் சிரித்தோம். மூணாஞ்சாமி செத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

திருச்சபை இதில் அளவோடுதான் பேசுகிறது. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரண் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி சொல்கிறது. மனிதருக்கு மட்டுமே உரிய அன்பை விலங்குகள்மேல் செலுத்தக் கூடாது என்றும் அதே இடத்தில் சொல்கிறது. சரிதான். ஆனால் பூனையின் காதைக் கவனிக்கப் பழகியவர் மனிதர்மேல் உள்ள அன்பைக் குறைத்துக்கொண்டதாக நாம் பார்த்ததில்லை.

இப்போது அந்தப் பத்து நாள் நோட்டு. பதினோராம் நாள் மாலை அப்பாவும் மகளும் பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். பூனை நலம். நம் கையும் நலம். இதை வானொலியில் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம். ஊர்ப் பெயரை மட்டும் கேட்காதீர்கள். நோட்டை நம்மிடம் கொடுத்துவிட்டு அவர் திண்ணையில் உட்கார்ந்தார். அன்று அவர் முகத்தில் வாடிவாசல் மிடுக்கு இல்லை.

சிறுமியின் எழுத்து குண்டு குண்டாக இருந்தது. முதல் நாள்: நாள் பூராவும் பரண் மேலே. இரண்டாம் நாள்: ராத்திரி பால் குடிச்சுச்சு, காது முன்னாடி இருந்துச்சு. நான்காம் நாள்: நான் ஸ்கூல் விட்டு வந்தப்ப வால் மேலே தூக்கி வந்துச்சு, நுனி கொக்கி மாதிரி. ஐந்தாம் நாள்: நான் கண்ண மெதுவா மூடினேன், அதுவும் மூடிச்சு. அதற்குக் கீழே பென்சிலால் ஒரு பூனைப் படம். ஆறாம் நாள்: காளை கிட்ட போய் வைக்கோல்ல படுத்துச்சு, காளை மோந்து பாத்துச்சு, ரெண்டு பேரும் சும்மா இருந்தாங்க. எட்டாம் நாள்: அப்பா வண்டிச் சத்தம் கேட்டா காது பின்னாடி போகுது, நெல்லு மூட்டைக்குப் பின்னாடி ஓடிப்போகுது. நானும் தம்பியும் உள்ள போயிருவோம்.

நாம் தலை நிமிர்ந்தோம். "படிச்சீங்களா சாமி?" என்றார். "நானும் படிச்சேன்." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "காளைக்கு ஒரு காது அசைஞ்சா எனக்குத் தெரியும் சாமி" என்றார். அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. சிறுமி முற்றத்தில் எங்கள் புதுப் பூனையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

போன ஞாயிறு திருப்பலிக்குப் பிறகு அவளைப் பார்த்தோம். அப்பா இப்போதெல்லாம் தெரு முனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்கு வருகிறாராம். "பூனை இப்ப அப்பாகிட்ட வருதா?" என்று கேட்டோம்.

"இன்னும் வரல ஃபாதர். ஆனா ஓடல. வாசப்படியிலயே உக்காந்து பாக்குது."

"காது?"

"ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பக்கத்துல" என்றாள்.